முன்மொழிந்தவரின் வரிசை எண்

ஒரு பெண்மணியின் வேட்புமனுவை நான் நிராகரித்தேன். அந்த மனுவில் இருந்த பிழை அவருடையது அல்ல, என்னுடையது. தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே செய்தேன்!

இதைச் சொல்ல இத்தனை ஆண்டுகள் ஆயின. இப்போதும் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, நாளைக்கு நீங்கள் என் எதிரே வந்து நிற்கப் போவதும் இல்லை. கோழைக்கும் ஒரு வசதி வேண்டுமல்லவா...

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். வீடு துடியலூரில். உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் எங்களில் சிலரைப் பிடித்து ‘உதவித் தேர்தல் நடத்தும் அலுவலர்’ ஆக்கிவிடுவார்கள். பெயர்தான் நீளம். ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் பதவிகளுக்கு மனு வாங்குவது, பரிசீலிப்பது, சின்னம் ஒதுக்குவது, இவ்வளவுதான் வேலை. அந்த முறை எனக்கு வாய்த்தது கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாமே.

அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே வார்டுக்குப் போட்டி என்பதே வந்ததில்லை. தேர்தல் அறிவித்ததும் கோயில் வாசலில் கூடுவார்கள். இந்த வார்டுக்கு இவர், அந்த வார்டுக்கு அவர் என்று பேசி முடிப்பார்கள். பேசி முடித்தவர் மட்டும் மனுப் போடுவார். போட்டியின்றித் தேர்வு! "எங்கூர்ல சண்டை சச்சரவே கெடையாதுங்க சார்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்கள். நானும் மகிழ்ந்து போனேன். அந்தக் கூட்டத்தில் காலனிக்காரர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் உட்காரவே இல்லை, வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

தேர்தலுக்கு முன் மக்களிடம் போய்ப் பேச வேண்டும், விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். பெரும்பாலானோர் ஒரு பதாகையைக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் அப்படியல்ல. எனக்குப் பேச வரும். பேச வரும் என்பதில் எனக்கு மகா கர்வம்!

காலனியில், குடிநீர்த் தொட்டிக்குக் கீழே, ஒரு நண்பகலில் பேசினேன். "யார் வேண்டுமானாலும் நிற்கலாம். உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். உங்களை முன்மொழிய அதே வார்டில் ஒரே ஓர் ஆள் போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை!" கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். நான் வண்டியை எடுக்கப் போனேன்.

அப்போது ஒரு பெண்மணி வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். நாற்பது வயது இருக்கும். தலைமுடியில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது, நார் மில்லில் இருந்து நேரே வந்திருந்தார்.

"ஏனுங்க சார், நெசமாலுமே நிக்கலாமுங்களா?"

அவர்தான் ராஜாமணி.

நான்காவது வார்டு அம்முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நிற்கலாம் என்றேன். ஏன் நிற்க ஆசை என்று கேட்டேன். அவர் தலைக்கு மேலிருந்த தொட்டியைக் காட்டினார். தொட்டி காலனியில்தான் இருந்தது, தண்ணீர் மட்டும் காலனிக்குக் கடைசியாக வந்தது. பெரிய வீதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். இவர்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் எப்போது என்று தெரியாது. மில்லுக்குப் போன நேரத்தில் வந்து நின்றுவிட்டால் அடுத்த எட்டு நாள் தோட்டம் தோட்டமாகக் குடத்தோடு நடக்க வேண்டும்.

"வால்வு சாவி எங்க கைக்கு வரோணும்னு இல்லீங்க சார். எப்பத் தொறக்கறதுன்னு பேசற எடத்துல எங்காளு ஒருத்தி உக்காந்திருந்தாப் போதுமுங்க."

எத்தனை சின்ன ஆசை! எனக்கு உள்ளம் பொங்கிவிட்டது. பையிலிருந்து மனுப் படிவம் ஒன்றை எடுத்தேன். "நானே எழுதித் தருகிறேன், அம்மா. கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றேன்.

மனுவை வாங்கும் அலுவலரின் கை அந்த மனுவை எழுதக் கூடாது. எனக்குத் தெரியாதா? மற்ற அலுவலர்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான்! ஆனால் அத்தனை பேர் சுற்றி நின்று பார்க்க ஓர் ஏழைப் பெண்ணுக்காக எழுதுகிறேன் என்ற சுகம் இருக்கிறதே... அதை விட மனம் வரவில்லை.

முன்மொழிய யார் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மாராத்தாள் முன்னே வந்தார். கணவர் பெயர்? "ரங்கனுங்க." வண்டியின் இருக்கை மேல் பட்டியலைப் பிரித்துப் புரட்டினேன். ‘மாராத்தாள், கணவர் பெயர் ரங்கன்’ என்று கண்ணில் பட்டது. வரிசை எண்ணைப் பார்த்து எழுதினேன். இரண்டு நிமிட வேலை.

அந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒரு ரங்கன், தெருவுக்கு ஒரு மாராத்தாள். நான் புரட்டியது ஐந்தாவது வார்டின் பக்கம். நான் எழுதியது வேறொரு மாராத்தாளின் எண்!

மறுநாள் ராஜாமணி ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து மனுவைக் கொடுத்தார். வாங்கும்போதே எண்களைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. நான் எழுதியதை நானே ஒப்பிடுவதா என்று அலட்சியமாக ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஊர் மாறியது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோபம் ஏற ஏற ‘ங்க’வும் கூடும். கோயில் வாசலில் நான்காவது வார்டுக்கு முடிவானவர் ஊரின் பெரிய தோட்டத்துக்காரருடைய தம்பி மனைவி. தோட்டத்துக்காரரே என்னைத் தேடி வந்தார், கையில் இளநீரோடு.

"குடிங்க சார், வெய்யில்ல அலையறீங்க. அந்தப் புள்ளைக்கு ஆரோ தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க போல இருக்குதுங்க. ஆருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். இளநீரை வாங்கிக் குடித்தேன்.

ராஜாமணிக்கு மில்லில் "இந்த வாரம் வேல இல்ல, சொல்லி உடறோம்" என்றார்கள். கணவரை வரப்பில் மறித்துத் தன்மையாகப் பேசினார்கள். ராஜாமணி மனுவைத் திரும்பப் பெறவில்லை. ஊராட்சிச் செயலர் என்னிடம் வந்து வியந்து சொன்னார்: "அம்மணி அசைய மாட்டேங்குதுங்க சார். ‘சாரே சொல்லியிருக்காரு, ஆரையும் கேக்க வேண்டியதில்லன்னு’ங்குது."

சாரே சொல்லியிருக்கிறாராம்!

பரிசீலனை நாள் வந்தது. ஊராட்சி அலுவலகத்தின் அந்தச் சின்ன அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் நான். இந்தப் பக்கம் ராஜாமணியும் மாராத்தாளும், நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் தம் தம்பி மனைவியோடு அமர்ந்திருந்தார். சன்னலுக்கு வெளியே ஊர்.

மூன்று வார்டு மனுக்கள் மளமளவென்று முடிந்தன. நான்காவதை எடுத்தேன். தோட்டத்துக்காரர் தம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார், பட்டியலின் நகல்.

"ஒரு சின்ன சந்தேகமுங்க சார். முன்மொழிஞ்ச அம்மாவோட நெம்பரு அஞ்சாவது வார்டுல வருதுங்க. வேற வார்டுக்காரங்க முன்மொழியலாமுங்களா?"

பட்டியலைப் புரட்டினேன். பார்த்த கணத்தில் விளங்கிவிட்டது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இது தீராத சிக்கலே அல்ல! எண் பிழை, எழுத்துப் பிழை இவற்றுக்காக மனுவை நிராகரிக்கக் கூடாது, ஆள் யாரென்று தெளிவாகத் தெரிந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கையேடு சொல்கிறது. ஆள் கண்ணெதிரே நிற்கிறார்! நான்காவது வார்டின் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது! "எண் தவறு, ஆள் சரி, மனு ஏற்கப்படுகிறது." இந்த ஒரு வரியைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

"இன்னொண்ணுங்க சார்..." என்றார் தோட்டத்துக்காரர், அதே தாழ்ந்த குரலில். "இந்த மனுவ எழுதுன கையெழுத்து ஆருதுங்க? நல்ல படிச்ச எழுத்தா இருக்குது. தெரிஞ்சுக்கலாம்னுதானுங்க கேக்கறேன்."

அவர் ராஜாமணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் மேசை மேல் நான் எழுதிய அறிவிப்பு ஒன்று கிடந்தது. அதன் மேல் என் முழங்கையை மெதுவாக நகர்த்தி வைத்தேன்.

என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நீக்கம், செய்தித்தாளில் ‘ஒருதலைப்பட்ச அதிகாரி’... எல்லாம் அந்த ஒரு கணத்தில் வரிசையாக வந்து நின்றன. காலனியில் முப்பது நாற்பது பேர் நான் எழுதியதைப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பெண் ஒரு சொல் சொன்னால் போதும்.

ராஜாமணி சொன்னார்.

"எங்க நாத்தனா மகளுங்க. பொள்ளாச்சில காலேஜ் படிக்குது. அதுதானுங்க எழுதிக் குடுத்துச்சு."

கண் இமைக்காமல் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு நாத்தனார் மகளே இல்லை என்று பிறகு தெரிந்தது. மாராத்தாள் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காப்பாற்றத்தான் ராஜாமணி பொய் சொன்னார். தமக்கு நல்லது செய்த அதிகாரிக்குத் தம்மால் ஆபத்து வரக் கூடாது என்று!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள்! அந்த நொடியில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்?

நான் கணக்குப் போட்டேன். மனுவை ஏற்றால் தோட்டத்துக்காரர் மேலே புகார் கொடுப்பார். கையெழுத்தை ஒப்பிடுவார்கள். நிராகரித்தால்? யாரும் எதையும் ஒப்பிடமாட்டார்கள். கட்டு கட்டி, அரக்கு வைத்து, மனு அலமாரிக்குள் போய்விடும். அவருடைய பொய்யே எனக்குக் கதவாகிவிட்டது. அந்தக் கதவு வழியாக நான் ஓடிவிட்டேன்.

"முன்மொழிந்தவர் இந்த வார்டு வாக்காளர் அல்ல என்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது" என்று அறிவித்தேன். என் குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

உத்தரவை மனுவின் மேலேயே எழுத வேண்டும். என் எழுத்து வலப்பக்கம் சாயும். நான் அன்று ஒவ்வோர் எழுத்தையும் நிமிர்த்தி நிமிர்த்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல எழுதினேன். கீழே இருக்கும் எழுத்தோடு ஒத்துப் போய்விடக் கூடாதே! அந்த நிதானம் எங்கிருந்து வந்தது எனக்கு... அந்த நிதானத்தில் நூறில் ஒரு பங்கு பட்டியலைப் புரட்டும்போது இருந்திருக்கக் கூடாதா?

தோட்டத்துக்காரர் எழுந்து கைகூப்பினார். "நல்லதுங்க சார். மதியம் சாப்பாடு நம்ம ஊட்லதானுங்க." போட்டியின்றித் தேர்வு என்று அன்றே பேச்சு பரவிவிட்டது.

நான் வெளியே வந்தபோது ராஜாமணி வாசற்படியில் காத்திருந்தார். அழுதிருந்தார். திட்டுவார், என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்!

"மன்னிச்சுப்போடுங்க சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க கேட்டப்ப மாராத்தா, ரங்கன்னு பேர மட்டும் சொல்லிப்போட்டோம். எந்த ரங்கன், எந்த வார்டுன்னு சொல்லியிருக்கோணுமுங்க. எங்களால உங்களுக்குத்தான் சங்கட்டமாப் போச்சு. வெளிய ஒரு வார்த்த போவாதுங்க. காலனில அல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டேன்."

பிழையைத் தம் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பரவாயில்லை என்பதைப் போல. நான்தான் அவரை மன்னிக்கிறேன் என்பதைப் போல! பிறகு வண்டியை முடுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அமைதியான தேர்தல் என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி அன்று கேசரி செய்தாள், சாப்பிட்டேன்.

தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறையே வந்தது. எந்த நேரம் என்று கேட்க, அதைப் பேசுகிற இடத்தில் காலனி ஆள் யாரும் இல்லை. ராஜாமணிக்கு மில்லில் திரும்ப வேலை கொடுத்தார்கள், பழைய இடத்தில் அல்ல, தூசி அதிகம் பறக்கும் பக்கத்தில். இதையெல்லாம் அந்த ஊராட்சிச் செயலர் பேச்சுவாக்கில் சொல்லுவார். ஒருநாள் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: காலனியில் இப்போது யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் "ராஜாமணி நெம்பரு" என்கிறார்களாம். ரேசன் கடையில், பேருந்தில், பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தில்கூட... ராஜாமணி நெம்பரு!

"வேடிக்கையான ஊருங்க சார்" என்றார். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

எத்தனை முறை போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன் தெரியுமா? பாதி வழியில் ஈச்சனாரி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும், போன தேர்தல் திரும்பியா வரும் என்று எனக்கு நானே வாதாடுவேன். பொய்! அவருக்குக் கிடைத்திருக்கும். தாம் முட்டாள் அல்ல என்பது கிடைத்திருக்கும். அதைத்தான் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் எப்போது என்பது தெளிவாகவில்லை என்றாலும் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு மட்டும் சுற்றறிக்கை வந்துவிட்டது. அண்மையில் அதே ஊருக்கு, அதே காலனிக்கு, நானே போக நேர்ந்தது. மறுத்திருக்கலாம். மறுக்கக் காரணம் கேட்பார்களே...

இம்முறை சமுதாயக் கூடத்தில் கூட்டம். நான் பேசினேன். முன்பு பேசிய அதே சொற்கள்தான், வேறு சொற்கள் எனக்குத் தெரியாது. "உங்களில் யாருக்காவது நிற்க விருப்பம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

நடுவரிசையில் ஒரு கை எழுந்தது. அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த பெண், கவிதா என்று பெயர். மேட்டுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், பட்டம் படித்தவள். பயமே இல்லாத முகம்.

அவளுக்குப் பின்னாலிருந்து ராஜாமணி எட்டி அவள் தோளைத் தொட்டார். முன்பைவிட மெலிந்திருந்தார்.

"வேண்டாம் கண்ணு. நாம சின்னதா ஒண்ணத் தப்பாச் சொன்னாலும் அல்லாம் போயிரும். அப்பறம் ஊரே சிரிக்கும். நான் பட்டது போதும்."

கவிதா திரும்பி, "உங்க தப்புன்னு எப்படிச் சொல்றீங்க அத்தை? எழுதினவங்க பார்த்திருக்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

ராஜாமணி எழுந்து நின்றார். முழு நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார்.

"சாரே இருக்காரு, கேட்டுக்க. ஏனுங்க சார், நீங்களே சொல்லுங்க. அது என்னோட தப்புத்தானுங்களே?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தோட்டத்துக்காரர் அங்கே இல்லை. புகார் கொடுக்க ஒருவரும் இல்லை. அந்த மனுவை இத்தனை நாளுக்குப் பிறகு தேடி எடுத்து ஒப்பிடப் போகிறவர் யார்? பயப்பட ஒன்றுமே இல்லாத நேரத்தில், இப்படிக் கையில் வைத்துக் கொடுத்ததைப் போல ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? "இல்லை அம்மா, என் தப்பு." நான்கே சொல் போதும்...

"எல்லாருக்கும் நடக்கிறதுதானுங்க அம்மா" என்றேன். "விடுங்க."

"பாத்தியா" என்றார் ராஜாமணி கவிதாவிடம். "இத்தன வருசமாச்சு, ஒருநாளும் சார் என்னயக் கொற சொன்னதில்ல."

கவிதாவின் கை இறங்கிவிட்டது. அது எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

வேறு யாரும் நிற்க விரும்பவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ராஜாமணியின் முறை வந்தது. பேனாவை வாங்கியவர் தாளுக்கு மேலே கையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கட்டத்துல போடோணும்னு காட்டுங்க சார். தப்பாப் போட்டுறப் போறேன்."

நான் விரலை வைத்துக் காட்டினேன்.